கேப் மண்ணில் உதிரும் ஓக் கொட்டை: சத்து என்ன, சாப்பிடுவது எப்படி

மார்ச் கடைசியில் தொடங்கி மே வரை, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில், ஸ்டெல்லன்பாஷ் டார்ப் தெருவிலும், கேப் டவுன் நியூலண்ட்ஸ், ரோண்டபாஷ், கான்ஸ்டான்ஷியா பக்கத்துச் சாலைகளிலும் நடந்தால் காலடியில் ஓக் கொட்டை நெரிபட்டுக்கொண்டே இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அதைக் கூட்டிக் குப்பையில் தள்ளிவிடுகிறார்கள். மிச்சத்தைச் சாம்பல் அணில்கள் தின்கின்றன. டர்பனிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வேலை நிமித்தம் கேப் பக்கம் குடிவந்தவர்களுக்கு மரமும் புதிது, கொட்டையும் புதிது. இதைச் சாப்பிடலாமா என்று கேட்டால், சாப்பிடலாம். ஆனால் பச்சையாக ஒருபோதும் கூடாது. முறையாகத் துவர்ப்பை எடுத்துவிட்டால் நல்ல மாவு கிடைக்கும்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டை என்றதும் முந்திரி, நிலக்கடலை வரிசையில் இதைச் சேர்த்துவிடத் தோன்றும். அப்படிச் சேர்த்தால் சமையலும் பிசகும், சத்துக் கணக்கும் பிசகும். கேப் ஓக் கொட்டை மாவுச்சத்து உணவு. சோளம், அரிசி, கிழங்கு ஆகியவற்றின் பக்கத்தில் வைக்க வேண்டியது. அதிலுள்ள துவர்ப்பை எந்த வழியில் கழுவி எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எந்தச் சத்து உங்கள் தட்டுக்கு வரும், எது வடிநீரோடு போகும் என்பது முடிவாகும்.

மனிதர்கள் இதை உண்பது புதிதல்ல. கலிபோர்னியாவின் பூர்வகுடிகள் பலருக்கு ஓக் கொட்டைக் கூழ்தான் அன்றாட உணவாக இருந்தது. கொரியாவில் இன்றும் இதன் மாவிலிருந்து டோட்டோரிமுக் என்ற களியைக் கிண்டிக் கடைகளில் விற்கிறார்கள். கேப்பில் இது பெரும்பாலும் பன்றித் தீனியாகவே இருந்தது. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் கொட்டைக்கு ‘ஆக்கர்’ என்று பெயர். பண்ணைக்காரர்களிடம் கேட்கும்போது அந்தச் சொல் உதவும்.

எந்த மரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்

ஓக் தென்னாப்பிரிக்காவின் சொந்த மரமல்ல. டச்சுக்காரர்கள் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. 1679-இல் சைமன் வான் டெர் ஸ்டெல் உருவாக்கிய ஸ்டெல்லன்பாஷுக்கு ‘ஓக் நகரம்’ என்றே பட்டப்பெயர். கேப்பின் வெதுவெதுப்பில் மரம் சீக்கிரம் வளர்ந்ததால் மரக்கட்டை பீப்பாய்க்குச் சரிவரவில்லை. நிழலும் கொட்டையும் மட்டும் தாராளமாகக் கிடைத்தன.

கேப்பில் நீங்கள் அதிகம் பார்ப்பது ஆங்கில ஓக், அதாவது குவெர்கஸ் ரோபர். இலையின் ஓரம் வளைந்து வளைந்து உருண்டையாக இருக்கும்; எங்கும் முள்நுனி இராது. இலைக்காம்பு மிகக் குட்டை. கொட்டை நீளவாக்கில் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர். தொப்பி ஒரு நீளமான காம்பில் தொங்கும். இது வெள்ளை ஓக் வகை. ஒரே ஆண்டில் காய்த்து முற்றும், துவர்ப்பு ஓரளவுதான். புதிதாகச் செய்பவர்கள் இதில் மட்டும் தொடங்குங்கள்.

ஜோஹானஸ்பர்க் பக்கத்தில் இருப்பவர்கள் தெருவோரத்தில் பார்ப்பது பெரும்பாலும் பின் ஓக். இலை ஆழமாகப் பிளந்து, ஒவ்வொரு நுனியிலும் மயிர்போன்ற கூர் இருக்கும். கொட்டை சிறிது, உருண்டை, சுமார் ஒரு சென்டிமீட்டர். உள்ளே பருப்பு மஞ்சளாக இருக்கும். இது சிவப்பு ஓக் வகை. முற்ற இரண்டு ஆண்டு எடுக்கும். கொழுப்பு அதிகம், துவர்ப்பும் அதிகம். உடைக்கச் சலிப்பு, கழுவ அதைவிட நாளாகும். செய்யலாம், ஆனால் முதல் முயற்சிக்கு வேண்டாம்.

இரண்டு வகையையும் ஒரே பாத்திரத்தில் கலந்து ஊறவைக்காதீர்கள். ஒன்று ஐந்தாறு நாளில் தேறிவிடும். மற்றது இரண்டு வாரம் ஆனாலும் நாக்கை இழுக்கும். கலந்துவிட்டால் கடைசிவரை காத்திருக்க வேண்டியதுதான், அதற்குள் முதல் வகை புளித்துவிடும்.

எங்கே பொறுக்கலாம், எங்கே கூடாது

டேபிள் மவுண்டன் தேசியப் பூங்கா எல்லைக்குள் எதையும் பொறுக்கி எடுத்து வராதீர்கள். தனியார் பண்ணை, திராட்சைத் தோட்டம் என்றால் உரிமையாளரிடம் கேளுங்கள். பல இடங்களில் கூட்டுகிற வேலை மிச்சம் என்று மகிழ்ச்சியாகவே அனுமதிப்பார்கள். நெரிசலான சாலையோரம், பெட்ரோல் நிலையத்து ஓரம், நாய்கள் நடமாடும் புல்தரை ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். டோக்காய் பக்கம் போனால் பபூன் குரங்குகள் இருக்கும். பையில் கொட்டையோடு அவற்றின் அருகே நிற்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை இந்த நாட்டுக்கே உரியது. ஷாட் ஹோல் போரர் எனப்படும் மரத்துளைப்பான் வண்டு இங்கே பரவியிருப்பது 2017-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் கண்டறியப்பட்டது. ஓக் மரங்களை அது கடுமையாகத் தாக்குகிறது. ஜார்ஜ், சாமர்செட் வெஸ்ட், ஸ்டெல்லன்பாஷ் எல்லாம் பாதிக்கப்பட்ட ஊர்கள். எள் அளவுத் துளைகள், அவற்றைச் சுற்றிக் கறை, வாடிய கிளை, இவை அடையாளம். வண்டு கொட்டையை நஞ்சாக்குவதில்லை. ஆனால் அப்படிப்பட்ட மரத்தைக் காப்பாற்ற அடிமரத்தில் மருந்து செலுத்தியிருக்கலாம். மருந்து போட்ட மரம், போட்டதோ என்று சந்தேகம் உள்ள மரம், இரண்டின் கொட்டையும் வேண்டாம். அங்கிருந்து விறகோ கிளையோ எடுத்து வந்து வண்டை வேறு தெருவுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம்.

சத்துக் கணக்கு

அமெரிக்க வேளாண் துறையின் பட்டியல்படி 100 கிராம் பச்சை ஓக் பருப்பில் 28 கிராம் நீர், 387 கிலோகலோரி, 6 கிராம் புரதம், 24 கிராம் கொழுப்பு, 41 கிராம் மாவுச்சத்து இருக்கின்றன. நன்றாக உலர்த்திய பருப்பில் நீர் 5 கிராமாகக் குறைந்து, ஆற்றல் 509 கிலோகலோரி, புரதம் 8, கொழுப்பு 31, மாவுச்சத்து 54 கிராம் என்று ஏறுகிறது. உலர்ந்ததில் பொட்டாசியம் 709 மில்லிகிராம், மக்னீசியம் 82, கால்சியம் 54, இரும்பு 1 மில்லிகிராம். செம்பும் மாங்கனீசும் குறிப்பிடத்தக்க அளவில் உள்ளன. ஃபோலேட் 115 மைக்ரோகிராம், பி6 விட்டமின் 0.7 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. விட்டமின் சி கிடையாது.

இணையத்தில் எங்கும் இந்த எண்கள்தான் சுற்றுகின்றன. கேப்பில் இருப்பவர்கள் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓக் இனத்துக்கு இனம் கொழுப்பு வெகுவாக மாறும். 31 கிராம் கொழுப்பு என்பது எண்ணெய் மிகுந்த வகைகளுக்குப் பொருந்தும். ஆங்கில ஓக் கொட்டையின் உலர்ந்த பருப்பில் கொழுப்பு பொதுவாக 10 விழுக்காட்டுக்கும் குறைவு. எடையில் பாதியளவு வெறும் மாவுச்சத்து. அதனால் 100 கிராம் உலர்ந்த கேப் ஓக் மாவுக்கு 400 கிலோகலோரிக்குச் சற்றுக் குறைவாகக் கணக்கு வைத்துக்கொள்வதே சரி. எடைக் கட்டுப்பாட்டுக்காகக் கணக்கெழுதிச் சாப்பிடுபவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரியது.

ஒப்பிட்டுப் பார்த்தால் விளங்கும். வெள்ளை அரிசி 100 கிராமில் 365 கிலோகலோரி, 7 கிராம் புரதம், கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை. நிலக்கடலையில் புரதம் 25 கிராமுக்கு மேல், கொழுப்பு 49. கேப் ஓக் மாவு அரிசிக்குப் பக்கத்தில் நிற்கிறது, அரிசியைவிடக் கொஞ்சம் கொழுப்புக் கூடுதலாக. அந்தக் கொழுப்பில் பெரும்பங்கு ஒலியிக் அமிலம், ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே வகை. குளூட்டன் இல்லை, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது பயன். ஆனால் புரதத்துக்காக இதை நம்ப வேண்டாம். பருப்போ பயறோ பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இனி துவர்ப்பு. அதற்குக் காரணம் டானின். நம் வீடுகளில் குழந்தைக்கு உரசிக் கொடுக்கும் மாசிக்காயும் ஒரு ஓக் மரத்தின் கிளையில், குளவி முட்டையிட்ட இடத்தில் புடைத்து வளர்வதுதான். அதை நாக்கில் வைத்தால் வரும் இழுப்பும் ஓக் கொட்டையில் வரும் இழுப்பும் ஒரே பொருளால் வருவன. மாசிக்காயைக் கல்லில் ஓர் இழுப்பு இழுத்துக் கொடுக்கிறோம். ஓக் கொட்டையைக் கைப்பிடி கைப்பிடியாகச் சாப்பிடப் போகிறோம். அளவு மாறும்போது விளைவும் மாறும். டானின் வாயிலும் குடலிலும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதைச் செரிக்க விடாது; உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்காமல் தடுக்கும்; அதிகமானால் வயிற்றுவலி, மலச்சிக்கல். மாடும் குதிரையும் பச்சைக் கொட்டையை அளவுமீறித் தின்று சிறுநீரகம் கெட்டு இறப்பதுண்டு. பன்றி தாங்கும். நாய்க்கு ஆகாது, உடைத்த பருப்பைத் தரையில் பரப்பி வைக்காதீர்கள்.

நல்ல செய்தி, டானின் தண்ணீரில் கரையும். கெட்ட செய்தி, பொட்டாசியமும் பி வகை விட்டமின்களும் சர்க்கரையும் கரையும். மாவுச்சத்தும் கொழுப்பும் குளிர்ந்த நீரில் கரையாமல் நிற்கும். எனவே கழுவி முடித்த மாவில் மேலே சொன்ன பொட்டாசியம், ஃபோலேட் எண்கள் அப்படியே இருக்கும் என்று எண்ணாதீர்கள். உங்களுக்கு உறுதியாகக் கிடைப்பது ஆற்றல், மாவுச்சத்து, கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் புரதம்.

பொறுக்குவதும் உலர்த்துவதும்

முதலில் விழுபவற்றை விட்டுவிடுங்கள். பூச்சியடித்ததும் சொத்தையும்தான் முந்தி உதிரும். ஒரு வாரம் பொறுத்து, பழுப்பு நிறத்தில் கனமாக விழுபவற்றை எடுங்கள். மே மாதம் கேப்பில் மழை பிடித்துக்கொண்டால் கீழே கிடப்பது இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஈஸ்டர் விடுமுறையை ஒட்டிய காய்ந்த நாட்கள்தான் வசதி. புதிதாக விழுந்ததை அன்றன்று எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வாளித் தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பதை எறியுங்கள், உள்ளே பருப்பு சுருங்கியிருக்கும், அல்லது புழு தின்று வெற்றிடம் இருக்கும். மூழ்கியதிலும் சிறு துளை இருந்தால் எடுத்துவிடுங்கள். இந்த மிதவைச் சோதனை புதிதாக விழுந்த கொட்டைக்கு மட்டுமே. உலர்த்திய பிறகு நல்லதும் மிதக்கும்.

வெள்ளை ஓக் கொட்டை விழுந்த சில நாளிலேயே முளைவிடத் தொடங்கும். சிறு வெள்ளை முளை எட்டிப் பார்த்தால் பயப்பட வேண்டாம், முளையைக் கிள்ளிவிட்டுப் பருப்பைப் பயன்படுத்தலாம். பருப்பு பச்சை பாய்ந்திருந்தாலோ கறுத்திருந்தாலோ வேண்டாம். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. மறுநாளே சூடேறி, மூன்றாம் நாள் பூஞ்சண வாடை அடிக்கும். அப்படி வாடை வந்த குவியலைக் கழுவித் தேற்ற முயலாதீர்கள், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

தட்டில் ஓர் அடுக்காகப் பரப்பி, வெயில் இருந்தால் இரண்டு வாரம் உலர்த்துங்கள். வெயில் இல்லையென்றால் ‘அவன்’ எனும் சூட்டடுப்பில் 60 டிகிரியில், கதவைச் சற்றுத் திறந்து வைத்து, ஐந்தாறு மணிநேரம். கொட்டையைக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் ஓசை கேட்க வேண்டும். பருப்பு சுருங்கி ஓட்டை விட்டு விலகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம், உடைப்பதும் சுலபம்.

உடைக்கும்போது கொட்டையைப் படுக்க வைத்து ஓங்கி அடித்தால் பருப்பு நசுங்கி ஓட்டுத் துண்டோடு கலந்துவிடும். கூர்நுனி கீழே, தொப்பி இருந்த தட்டைப் பக்கம் மேலே என்று நிமிர்த்திப் பிடித்து ஒரு தட்டு தட்டுங்கள், ஓடு நீளவாக்கில் பிளக்கும். பருப்பின்மேல் பழுப்புத் தோல் ஒன்று ஒட்டியிருக்கும். துவர்ப்பு அதில் செறிவாக இருப்பதால் இயன்றவரை நீக்கிவிடுங்கள். உலர்ந்த பருப்பைக் கனத்த துணியில் வைத்துத் தேய்த்து, முறத்தில் புடைத்தால் தோல் பெரும்பாலும் பறந்துவிடும். மிச்சமிருப்பதைச் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

ஒரு கிலோ புதுக் கொட்டையில் ஏறக்குறைய 700 கிராம் பருப்புக் கிடைக்கும். உலர்ந்து, கழுவி, மாவாகும்போது 350 கிராம் தேறினால் நல்ல விளைச்சல்.

குளிர்முறை: ரொட்டிக்கும் களிக்கும் கூழுக்கும்

மாவு ஒட்டிப் பிடிக்க வேண்டும், களி உறைய வேண்டும் என்றால் இந்த வழிதான். காரணம் எளிது. ஈரத்தோடு 65 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் மாவுச்சத்து வெந்துவிடும். ஒருமுறை வெந்த மாவுச்சத்து மறுபடி அதே மாதிரி ஒட்டாது.

ஒரு கப் பருப்புக்கு இரண்டு கப் தண்ணீர் விட்டு மிக்ஸியில், இங்கே சொல்வதுபோல் லிக்விடைசரில், ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் அரையுங்கள். இட்லி மாவுப் பதத்துக்கு நைசாக வர வேண்டும். கொரகொரப்பாக விட்டால் துகளின் நடுவிலுள்ள டானின் வெளியே வர நாளாகும்.

அரைத்ததைப் பெரிய கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஊற்றி, மீதிக்குத் தண்ணீர் நிரப்பி நன்றாகக் கலக்கி, மூடி, குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் ஜாடியின் பக்கவாட்டில் பார்த்தால் மூன்று அடுக்கு தெரியும். மேலே தேநீர் நிறத்தில் தெளிந்த நீர். அதன்கீழ் சுண்ணாம்புபோல வெண்மையான மெல்லிய படலம். அடியில் பழுப்பு மாவு. அந்த வெள்ளைப் படலம் தூய மாவுச்சத்து. களி உறைவதும் ரொட்டி பிடிப்பதும் அதனால்தான். தண்ணீரை வடிக்கும்போது அவசரப்பட்டு ஜாடியைச் சாய்த்தால் முதலில் போவது அதுதான். மேல்நீரை மட்டும் கரண்டியால் அல்லது குழாய் வைத்து மெதுவாக எடுத்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி மறுபடி வையுங்கள். ஒரு நாளைக்கு ஒருமுறையாவது, முடிந்தால் இருமுறை.

ஆங்கில ஓக் பருப்பு ஐந்து முதல் ஏழு நாளில் தேறும். மரத்துக்கு மரம் இது மாறும், அதனால் நாட்காட்டியை நம்பாமல் நாக்கை நம்புங்கள். அரைத் தேக்கரண்டி மாவை வாயில் போட்டு ஒரு நிமிடம் மென்று துப்பிவிட்டு, இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். துவர்ப்பு தாமதமாகத்தான் தெரியும். கன்னத்தின் உட்புறம் வறண்டு இழுத்தால் இன்னும் கழுவ வேண்டும். தண்ணீரின் நிறம் மட்டும் தெளிந்துவிட்டது என்பதை வைத்து முடிவுசெய்யாதீர்கள்.

குளிர்பெட்டிக்கு வெளியே வைத்தால், அதிலும் டர்பன் வெக்கையில், இரண்டாம் நாளே புளித்து நுரைக்கும். மின்வெட்டு நாளில் பெட்டி பல மணிநேரம் நின்றுபோனால் மின்சாரம் வந்ததும் தண்ணீரை மாற்றிவிடுங்கள். லேசான புளிப்பு வாடை வந்தால் இரண்டு முறை அடுத்தடுத்துக் கழுவினால் சரியாகும், கூழுக்குப் பயன்படுத்தலாம். மாவு இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ மாறினால், அழுகல் நாற்றம் அடித்தால், வீசிவிடுங்கள்.

தேறிய மாவை மெல்லிய பருத்தித் துணியில் ஊற்றிப் பிழியுங்கள். வெள்ளை நீராக வடிவதைக் கொட்டாமல் ஒரு பாத்திரத்தில் பிடித்து இரவு முழுக்கத் தெளியவிட்டால், கூவைக்கிழங்கு மாவு எடுப்பதுபோல அடியில் கட்டியாக மாவு படியும். அதைத் தனியே உலர்த்தினால் களிக்குரிய மாவு. துணியில் நின்றதைத் தட்டில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி வெயிலிலோ, 60 டிகிரிக்கு மேற்படாத அவனிலோ ஆறு முதல் எட்டு மணிநேரம், நடுவில் கிளறிவிட்டு உலர்த்துங்கள். பிறகு மறுபடி அரைத்துச் சலித்துவிடலாம். அவன் சூட்டை ஏற்றி அவசரப்படுத்தினால் மேலே ஓடு கட்டி உள்ளே ஈரம் நிற்கும். அந்த மாவு டப்பாவில் பூஞ்சணம் பிடிக்கும்.

இந்த மாவு வேகாத மாவு. ருசி பார்க்கும் துளியைத் தவிர, எதிலும் வேகவைக்காமல் சேர்க்கக் கூடாது.

சூட்டுமுறை: பருப்பாகவே வேண்டுமென்றால்

குழம்பிலோ சுண்டலிலோ துண்டாகப் போட, அல்லது அன்றைக்கே முடிக்க வேண்டும் என்றால் வேகவைத்து வடிக்கலாம். பருப்பை இரண்டாக, நான்காக உடைத்து, நான்கு மடங்கு தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடியுங்கள். பக்கத்து அடுப்பில் இன்னொரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிநிலையில் தயாராக இருந்தால் நேரம் மிச்சம், வேகமும் தடைபடாது. ஆங்கில ஓக் பருப்புக்கு ஐந்து முதல் எட்டு முறை மாற்ற வேண்டியிருக்கும்.

இதில் இழப்பு அதிகம். கொதிநீரில் கரையும் சத்தெல்லாம் போவதோடு, வெந்து கரைந்த மாவுச்சத்தும் ஓரளவு வடிந்துபோகும். வெந்த பருப்பை உலர்த்தி அரைத்தால் மாவு வரும், ஆனால் ஒட்டாது. கோதுமையோடு கால் பங்கு சேர்க்க மட்டும் ஆகும். "களி உறையவே இல்லை" என்று அலுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் சூட்டுமுறை மாவில் முயன்றவர்கள்.

இரண்டு முறைக்கும் பொதுவானது பாத்திரம். இரும்புக் கடாய், இரும்புக் கத்தி, துருப்பிடித்த அரிவாள்மனை எதுவும் கூடாது. டானினும் இரும்பும் சேர்ந்தால் மை நிறத்தில் கறுப்பு வரும். பழைய காலத்து எழுதும் மையே அப்படித்தான் செய்தார்கள். எவர்சில்வர், கண்ணாடி, எனாமல் போதும்.

வடிநீரை என்ன செய்வது என்பது கேப் டவுனில் கேட்க வேண்டிய கேள்வியே. 2018-இல் குழாய் வறண்டுவிடும் நாளை எண்ணிக்கொண்டிருந்த நகரம் இது. முதல் இரண்டு மூன்று வடிநீரில் டானின் அடர்த்தி அதிகம், தொட்டிச் செடிக்கு ஊற்ற வேண்டாம். வாளியில் சேர்த்துக் கழிப்பறைக்குப் பயன்படுத்துங்கள். பிந்தைய வடிநீர் மரத்தடிக்குப் போகலாம்.

அடுப்பில்

முதலில் கூழ். ஆடி மாதத்தில் டர்பன் கோயில்களில் மாரியம்மனுக்கு ஊற்றும் மீலி மாவு, அதாவது மக்காச்சோள மாவுக் கூழைக் காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இது கை வந்த வேலை. மூன்று பங்கு மீலி மாவுக்கு ஒரு பங்கு ஓக் மாவு. ஓக் மாவைத் தனியே குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீலி மாவு பாதி வெந்ததும் ஊற்றி, இன்னும் 15 நிமிடம் கிளறுங்கள். ஆறியதும் மோரோ, மாஸ் எனும் இங்குள்ள புளித்த பாலோ விட்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். ஓக் மாவின் பழுப்பு நிறமும் லேசான பருப்பு வாசனையும் கேழ்வரகுக் கூழ் குடித்தவர்களுக்குப் பிடிக்கும்.

சத்துக் கணக்கில் எல்லாவற்றையும்விடச் சிறந்தது அடை. இரண்டு கப் அரிசி, ஒரு கப் கலந்த பருப்பு ஊறவைத்து அரைத்த மாவில் அரைக் கப் ஓக் மாவைச் சேர்த்து அரை மணிநேரம் வையுங்கள். ஓக் மாவில் குறைவான புரதத்தைப் பருப்பு ஈடுகட்டிவிடும். சற்றுக் கூடுதல் எண்ணெயும் மிதமான தீயும் வேண்டும். தீ அதிகமானால் மேலே கருகி உள்ளே மாவாக நிற்கும்.

ரொட்டிக்கு மூன்று பங்கு கோதுமை மாவு, ஒரு பங்கு ஓக் மாவு. அதற்குமேல் ஓக் மாவைக் கூட்டினால் தேய்க்கும்போது ஓரம் பிளக்கும், குளூட்டன் இல்லாததால். வெந்நீர் விட்டுப் பிசைந்து 20 நிமிடம் ஊறவிட்டால் ஓரளவு பணியும்.

களிக்கு, தனியே படியவைத்த அந்த வெள்ளை மாவு ஒரு கப், தண்ணீர் ஆறு கப், கால் தேக்கரண்டி உப்பு. குளிர்ந்த நீரிலேயே கரைத்து அடுப்பில் வைத்து, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். ஏழெட்டு நிமிடத்தில் கெட்டியாகி, பெரிய குமிழ்கள் மெதுவாக உடையும். அப்போது தீயைக் குறைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு இன்னும் பத்து நிமிடம். கெட்டியானவுடன் இறக்கினால் மறுநாள் தண்ணீர் விட்டுக் கலகலத்துப் போகும். ஈரத் தட்டில் ஊற்றி நான்கு மணிநேரம் உறையவிட்டு வில்லை போட்டு, கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் தாளித்து, புளிச்சாறு தெளித்துப் பரிமாறுங்கள். களிக்குத் தனியாக ருசி இல்லை, தாளிப்புத்தான் எல்லாம்.

எலுமிச்சையோ தக்காளியோ கூட இருப்பது நல்லது. நன்றாகக் கழுவிய மாவிலும் கொஞ்சம் டானின் மிஞ்சும். அது இரும்புச் சத்தைப் பிடித்து வைப்பதை விட்டமின் சி ஓரளவு தளர்த்தும். சாப்பிட்ட கையோடு கறுப்புத் தேநீர் குடிப்பதை ஒரு மணிநேரம் தள்ளிப்போடுங்கள், தேநீரிலும் டானின்தான்.

யாருக்கு வேண்டாம், எவ்வளவு போதும்

மரக்கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் தொட வேண்டாம். இரத்தசோகைக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வழக்கமான உணவாக்கிக்கொள்ள வேண்டாம். கைக்குழந்தைக்குக் கஞ்சியாகக் கொடுக்கவே கூடாது. மற்றவர்கள் முதல் தடவை இரண்டு மேசைக்கரண்டி மாவில் செய்ததை மட்டும் சாப்பிட்டு, ஒருநாள் விட்டு, வயிறு சரியாக இருந்தால் கூட்டுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று வேளை என்பது வசதியான அளவு.

ஆங்கில ஓக் மாவு, கொழுப்புக் குறைவு என்பதால், காற்றுப்புகா டப்பாவில் இரண்டு மாதம் நிற்கும். பின் ஓக் மாவு சில வாரத்திலேயே சிக்கு வாடை அடிக்கும், அதை உறைபெட்டியில் மட்டும் வையுங்கள். உடைக்காத கொட்டையாகவே சேமிக்க விரும்பினால், குலுக்கும்போது ஓசை வரும்வரை உலர்த்தி, துணிப்பையில் கட்டி எலி எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள்; அடுத்த ஓக் பருவம் வரை தாங்கும். எடுக்கும்போது நான்கைந்தை உடைத்துப் பாருங்கள். பருப்பு வெளிர்மஞ்சள் அல்லது இளம்பழுப்பாக இருந்தால் அரைக்கலாம். உடைத்த இடத்தில் சாம்பல் தூள் பறந்தால் அந்தப் பையை மூச்சுக்குள் இழுக்காமல் வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள்.